ஈயத் திரைக்குப் பின்னால்



கடன் என்றால் பணக்கடன் ஒன்றுதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வட்டி கேட்டு வாசலில் வந்து நிற்கும் கடனைவிட, கேட்க ஆள் வராத கடனே மனச்சான்றை மிகுதியாக உறுத்துகிறது. எங்கள் குடும்பத்தின்மேல் நிற்கும் அத்தகைய கடன் ஒன்றைப் பற்றி இத்திங்கள் உங்களோடு பேச விழைகிறேன். யாருக்குப் பட்ட கடன் என்று பெயர் சொல்லக்கூட என்னால் இயலவில்லை. அதுவே இதில் உள்ள வெட்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில், எழுபத்தெட்டு அகவை நிரம்பிய என் தாயார் பின்கட்டில் வழுக்கி விழுந்தார். வலப்பக்க இடுப்பில் கடுமையான வலி. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தனர். "சுளுக்காகத்தான் இருக்கும், விளக்கெண்ணெயைச் சுடவைத்து நீவிவிட்டால் நாளைக்கே எழுந்து நடப்பார்" என்றார் பெரியவர் ஒருவர். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. என் தங்கைதான் பிடிவாதமாக நின்று அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வைத்தாள்.

அங்கே எக்ஸ்ரே அறையில் ஓர் இளைஞர் இருந்தார். வயது முப்பது இருக்கலாம். தள்ளுவண்டியிலிருந்து மேசைக்கு அம்மாவை மாற்றும்போது, விரிப்பின் நான்கு முனைகளையும் நால்வரைப் பிடிக்கச் சொல்லி, தாமே ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி, ஒரு குலுக்கலும் இல்லாமல் மாற்றினார். "காலைத் தொடட்டுமா, பாட்டி?" என்று கேட்ட பின்னரே தொட்டார். ஒரு படம் எடுத்தார். ஈயத் திரைக்குப் பின்னால் சென்று கணினியில் அதைப் பார்த்தார். சிறிது நேரம் பேசாது நின்றார். பின்னர் வெளியே சென்று மருத்துவரிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி, "பக்கவாட்டில் இன்னும் ஒரு படம் எடுக்கவேண்டும்" என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. "இன்னொரு படமா? அதற்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டுமோ?" என்று கேட்டேன். என் குரலில் நயம் இல்லை.

அவர் முகம் சுளிக்கவில்லை. "பாட்டியின் பாதம் வெளிப்பக்கமாய்ச் சாய்ந்திருக்கிறது, ஐயா. அதனால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி படத்தில் குறுகி மறைகிறது. முறிவு இருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோது நானாகக் காலைத் திருப்பக்கூடாது. காலை அசைக்காமல், பக்கத்திலிருந்து கதிரைச் செலுத்தி எடுத்தால் தெரிந்துவிடும்" என்றார். அதற்கு மற்றொரு காலை யாரேனும் உயர்த்திப் பிடிக்க வேண்டும். கனமான ஈயக் கவசம் ஒன்றை என்மேல் அணிவித்து, அம்மாவின் இடக்காலை எப்படித் தாங்க வேண்டும் என்று காட்டினார்.

"இதனால் எனக்கு ஏதேனும் கெடுதல் வருமா?" என்று நான் கேட்டேன். பெற்ற தாய் வலியில் முனகிக்கொண்டிருக்கும் வேளையில் மகனுக்குப் பிறந்த ஐயத்தைப் பாருங்கள்!

"உங்களுக்கு இது ஒருமுறைதானே, ஐயா! கவசமும் அணிந்திருக்கிறீர்கள். நான் பிடிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் பிடிக்க வேண்டியிருக்கும்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு அவர் திரைக்குப் பின்னால் மறைந்தார்.

இரண்டாவது படத்தில் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை போன்ற ஒரு முறிவு தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாட்களில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. இன்று அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஞாயிறு தோறும் கோவிலுக்கு நடந்து போய் வருகிறார். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவியிருந்தால், ஒட்டிக்கொண்டிருந்த எலும்பு விலகிப் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு உடல் நடுங்கிற்று.

வீடு திரும்பும் நாளில் அறுவை மருத்துவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். செவிலியருக்கு இனிப்பு வழங்கினோம். வண்டி தள்ளியவருக்கும் ஏதோ கொடுத்தோம். எக்ஸ்ரே அறையின் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அந்த எண்ணமே எங்களுக்கு எழவில்லை. மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனைக்குச் சென்றபோது அம்மாதான் கேட்டார்: "என் காலைத் தொடுமுன் என்னிடம் கேட்டானே, அந்தத் தம்பி எங்கே?" வேறு ஊருக்குப் பணி மாறிப் போய்விட்டாராம். பெயரையாவது கேட்டு வைத்திருந்தோமா என்றால், அதுவும் இல்லை.

அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியையேனும் இப்பக்கத்தில் தீர்க்க முயல்கிறேன்.

பொத்தானை அழுத்தும் வேலையா?

ஊடுகதிர்ப் படம் எடுப்பவரை அரசு ஆவணங்கள் நுண்கதிர் வீச்சாளர் என்று குறிக்கின்றன. மக்கள் வாயில் அவர் 'எக்ஸ்ரே எடுப்பவர்'. படத்தைப் படித்து நோயை உரைப்பவர் கதிரியல் மருத்துவர். படத்தை எடுப்பவர் இவர். "கருவிதானே எல்லாம் செய்கிறது? இவர் பொத்தானை அழுத்துகிறார், அவ்வளவுதானே!" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மார்புப் படம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்றே சிந்திப்போம்.

மார்பைப் பலகையில் ஒட்டி நிற்கச் சொல்கிறார். ஏன் முதுகை ஒட்டி நிற்கச் சொல்வதில்லை? இரவில் விளக்குக்கும் சுவருக்கும் நடுவே உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரை நெருங்க நெருங்க நிழல் சிறுத்துத் தெளிவாகும். விலக விலகப் பெருத்து மங்கும். நம் இதயம் நெஞ்சின் முன்புறத்தை அடுத்து இருக்கிறது. ஆகவே முன்புறத்தைப் பலகையில் ஒட்டி நின்றால்தான் இதயத்தின் நிழல் ஏறத்தாழ அதன் உண்மை அளவில் விழும். இல்லையேல் நலமான இதயமும் வீங்கியதுபோல் தோன்றும்.

தோள்களை முன்னே தள்ளச் சொல்கிறார். தோள்பட்டை எலும்புகள் விலகி நுரையீரலை மறையாதிருக்கவே அப்படிச் சொல்கிறார். "மூச்சை நன்றாக இழுங்கள், அடக்குங்கள்" என்கிறார். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்க, நுரையீரல் விரிந்து காற்றால் நிறைகிறது. காற்று நிறைந்த இடம் படத்தில் கறுத்துத் தெரியும். சளியோ கட்டியோ நீரோ அடைத்த இடம் வெளிறித் தெரியும். அரைமூச்சில் எடுத்த படத்தில் நலமான நுரையீரலின் அடிப்பகுதியும் மங்கலாய்க் காணும். இல்லாத நோய் இருப்பதாய்த் தோன்றும். இருக்கும் நோய் மறைந்துபோகும். மருத்துவர் எத்துணை மேதையாயினும், படத்தில் இல்லாததை அவரால் படிக்க இயலாது அன்றோ?

அழுது அடம்பிடிக்கும் கைக்குழந்தையிடம் மூச்சை அடக்கச் சொல்ல முடியுமா? இரு வீறிடல்களுக்கு நடுவே குழந்தை மூச்சை இழுக்கும் அந்த ஒரு நொடிக்காக அவர் காத்திருந்து பொத்தானை அழுத்துகிறார். பருத்த உடலுக்கு எவ்வளவு கதிர், மெலிந்த முதியவருக்கு எவ்வளவு, எலும்புக்கு எவ்வளவு, மென்மையான உறுப்புக்கு எவ்வளவு என்று அளவறிந்து செலுத்துகிறார். குறைந்தால் படம் பயன்படாது. மிகுந்தால் நோயாளிக்குத் தேவையற்ற சுமை. சோற்றுக்கு உப்பிடும் தாயின் கையைப்போல, அளவறிந்த கை அது.

கைகளைக் கொடுத்தவர்கள்

"நான் பிடிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் பிடிக்க வேண்டியிருக்கும்" என்று அந்த இளைஞர் சொன்ன சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட கண்ணீர் வரலாறு உண்டு என்பதை நான் பின்னரே படித்தறிந்தேன்.

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள். செருமனி நாட்டு வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன், கறுத்த அட்டையால் மூடிய ஒரு கண்ணாடிக் குழாயில் மின்சாரம் செலுத்தி ஆய்ந்துகொண்டிருந்தார். ஒளி வெளியேற வழியே இல்லை. ஆயினும் சற்றுத் தொலைவில் இருந்த, வேதிப்பொருள் பூசிய திரை ஒன்று இருளில் ஒளிர்ந்தது! கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒரு கதிர் அட்டையை ஊடுருவி வருகிறது என்று அவர் உணர்ந்தார். இன்னதென்று அறியாத கதிர் என்பதால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22 இல் தம் துணைவியாரின் கையை அக்கதிரால் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் அவற்றின்மேல் மோதிரமும் தெரியும் அப்படம் உலகெங்கும் பரவியது. 1901 இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு ராண்ட்ஜனுக்கே வழங்கப்பட்டது. அப்பரிசுப் பணத்தைத் தம் பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டார். தம் கண்டுபிடிப்பு மனித குலம் முழுமைக்கும் உரியது என்று கருதி, அதற்குக் காப்புரிமை பெறவும் அவர் முன்வரவில்லை.

ஆனால் அந்தக் கதிர் குணமாக்கும் கையையே சுடவும் வல்லது என்பதைத் தொடக்கத்தில் எவரும் அறியவில்லை. குழாய் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, அதை இயக்குவோர் தங்கள் கையையே அதன்முன் நீட்டிச் சோதித்தனர். நாள்தோறும், நோயாளிதோறும் நீட்டினர். முதலில் தோல் சிவந்தது, பின்பு வெடித்தது, புண் ஆறாது புற்றுநோயாயிற்று.

அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கிளாரன்ஸ் டாலி என்னும் கண்ணாடித் தொழிலாளர், அக்குழாய்களைச் செய்து தம் கைகளாலேயே சோதித்தவர். இரண்டு கைகளையும் வெட்டி அகற்ற நேர்ந்தது. அப்படியும் உயிர் பிழைக்கவில்லை. 1904 இல் அவர் மறைந்தார். எடிசனே அஞ்சி, ஊடுகதிர் ஆய்வைக் கைவிட்டார்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் கணக்கெழுதும் பணியில் இருந்த எலிசபெத் ஃபிளெய்ஷ்மன் என்னும் பெண்மணி, புதிய கண்டுபிடிப்பைப் பற்றிப் படித்துத் தாமே பயின்று, ஊடுகதிர்க்கூடம் ஒன்றை அமைத்தார். 1898 இல் நிகழ்ந்த போரில் காயமுற்றுத் திரும்பிய படைவீரர்களின் உடலில் குண்டுகள் எங்கே தங்கியிருந்தன என்பதை அவர் எடுத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. அஞ்சி நின்ற நோயாளிகளுக்குத் துணிவூட்டத் தம் உடலையே கதிருக்கு முன் நிறுத்திக் காட்டுவாராம். அவருடைய கையையும் வெட்ட நேர்ந்தது. 1905 இல் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட நிரம்பவில்லை.

முதல் உலகப் போரின்போது மேரி க்யூரி அம்மையார் ஊடுகதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு சென்றார். வீரர்கள் அவ்வண்டிகளைக் 'குட்டிக் க்யூரிகள்' என்று அன்புடன் அழைத்தனர். ஏறத்தாழ 150 பெண்களுக்கு அம்மையார் இப்பணியில் பயிற்சி அளித்தார். பதினெட்டு வயதுகூட நிரம்பாத மகள் ஐரீனும் தாயோடு போர்முனையில் உழைத்தாள். கதிர்களோடு வாழ்ந்த தாய் 1934 இல் இரத்தம் ஊறாத நோயாலும், மகள் 1956 இல் இரத்தப் புற்றுநோயாலும் மறைந்தனர்.

செருமனியின் ஹாம்பர்க் நகரில், புனித ஜார்ஜ் பெயர் தாங்கிய மருத்துவமனையின் வளாகத்தில், 1936 இல் ஒரு கல்தூண் நிறுவப்பட்டது. ஊடுகதிராலும் ரேடியத்தாலும் உயிர் ஈந்தவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. முதலில் 169 பெயர்கள். பின்னர் அவை 350-க்கும் மேலாயின. மருத்துவர், இயற்பியல் அறிஞர், தொழில்நுட்பர், ஆய்வுக்கூடப் பணியாளர், செவிலியர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அங்கே நினைவுகூரப்படுகின்றனர். நாடு, இனம் என்ற எல்லையும் அத்தூணுக்கு இல்லை. 1941 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், கதிரியல் பணி புரிவோருக்கு அதிதூதரான புனித மிக்கேலைப் பாதுகாவலராகக் குறித்தார். கண்ணுக்குத் தெரியாத பகைவனோடு போரிட்டவர் அவர். கண்ணுக்குத் தெரியாத கதிரோடு பழகுவோருக்கு அவரினும் பொருத்தமான காவலர் யார்?

இன்று ஈயக் கவசமும் ஈயத் திரையும், நோயாளியைப் பணியாளர் பிடிக்கலாகாது என்ற நெறியும் எல்லாம் அவர்கள் இழந்த கைகளின் விலையாக வந்தவை. நான் அன்று அணிந்த கவசமும் அவர்கள் தந்ததே.

நம் மண்ணில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934 இலேயே பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் ஊடுகதிர்ப் படம் நம் எளிய மக்களின் வாழ்வை எப்படித் தொட்டது என்பதற்கு எலும்புருக்கி நோயின் வரலாறே தக்க சான்று.

1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பகுதிகளிலும் காசநோய் பற்றிய பெரும் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சிறுபடம் எடுக்கும் ஊடுகதிர்க் கருவிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்றனர். இது நெரிசல் மிகுந்த நகரத்தின் நோய் என்று அதுவரை பலர் எண்ணியிருக்க, சிற்றூர்களிலும் அதே அளவில் பரவியிருப்பதை அக்கணக்கெடுப்பு காட்டிற்று. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு சாரார் நோயர் இல்லத்தில் தங்கியும், மறு சாரார் தம் சொந்த வீட்டில் இருந்தும் ஓராண்டு மருந்து உண்டனர். தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் எடுத்த மார்புப் படங்களும், சளிப் பரிசோதனையும் ஒப்பிடப்பட்டன. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமடைந்தனர் என்ற உண்மை 1959 இல் வெளியாயிற்று. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் நோயர் இல்லத்தில் கிடக்க வேண்டியதில்லை என்ற விடுதலை, சென்னையிலிருந்து உலகுக்குக் கிடைத்தது. எத்தனை தந்தையர் தம் பிள்ளைகளோடு வாழ்ந்தபடியே நலம் பெற்றனர்! அந்த உண்மைக்குச் சான்றாய் நின்ற படங்களை இருட்டறையின் செவ்விளக்கில் ஒவ்வொன்றாய்க் கழுவி உலர்த்திய கைகளின் பெயர் எவருக்கும் தெரியாது.

அன்று இருட்டறை; இன்று கணினி. 1971 அக்டோபர் 1 ஆம் நாள் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், உடலைக் குறுக்குவாட்டில் அடுக்கடுக்காகக் காட்டும் சி.டி. ஸ்கேன் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதன்பின் கதிரே இல்லாமல் காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. கருவி மாறினும் நோயாளியின் அச்சம் மாறவில்லை. குகை போன்ற அக்கருவிக்குள் அசையாது படுத்திருக்கும்போது, "இன்னும் ஐந்து நிமிடந்தான் அம்மா, பயப்படாதீர்கள்" என்று ஒலிபெருக்கி வழியே வரும் குரல்தான் ஒரே துணை. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில், நெருங்கிய உறவினரே அருகில் வர அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் படுக்கவைத்து, நுரையீரலைப் படம் எடுத்து, ஒவ்வொருவருக்குப் பின்னும் கருவியைத் துடைத்து அடுத்தவரை அழைத்தவர்கள் இவர்கள். மருத்துவருக்கும் செவிலியருக்கும் நாடு கைதட்டியது, அது தகும். அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு ஈயத் திரைக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் உரியது என்பதை எத்தனை பேர் நினைத்தோம்?

சட்டம் சற்று முன்னே நடந்திருக்கிறது. துணைமருத்துவத் தொழில்களுக்கெனத் தேசிய ஆணையம் அமைக்க 2021 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், படம் எடுக்கும் பணியையும் தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டது. மதிப்பைச் சட்டத்தால் எழுதலாம். உள்ளத்தில் எழுத வேண்டியவர்கள் நாம்.

கண்டும் சொல்லாதவர்

இப்பணியில் யாரும் அறியாத துன்பம் ஒன்று உண்டு. நோயை முதலில் காண்பவர் பெரும்பாலும் இவரே. தாயின் மார்பில் கட்டி, இளைஞனின் மூளையில் புற்று, எதுவாயினும் முதலில் இவர் கண்ணில்தான் படுகிறது. அடுத்த நொடி அவர் கதவைத் திறந்து வந்து, "முடிந்தது, மெதுவாக எழுந்திருங்கள்" என்று இயல்பான குரலில் சொல்ல வேண்டும். முகத்தில் ஒரு சிறு மாற்றமும் தெரியக்கூடாது. படத்தை முறையாகப் படித்து, நோயாளியின் முழு நிலையையும் அறிந்து உண்மையை உரைக்க வேண்டியவர் மருத்துவர். அரைகுறைச் செய்தி ஒரு குடும்பத்தை வீணே கலங்கவைக்கும். அல்லது வீணே மகிழவைக்கும். ஆகவே இவர் சுமந்துகொண்டு பேசாதிருக்கிறார். வீட்டிற்குச் சென்று மனைவியிடமும் சொல்ல இயலாது. அந்த மௌனம் அலட்சியமல்ல. அதுவும் ஓர் அறம். நாமோ அவரைச் சூழ்ந்துகொண்டு, "என்ன தெரிகிறது? நல்லதா கெட்டதா? உங்களுக்குத் தெரியாதா என்ன?" என்று நெருக்குகிறோம். சொல்ல மறுத்தால் செருக்கு என்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

நன்றி என்பது சொல்லோடு நின்றுவிடக்கூடாது. இப்பணியாளரின் சுமையைக் குறைக்கும் வழிகள் சில நம் கையில் உள்ளன.

முதலாவது, உண்மையை மறைக்காதீர்கள். கருவுற்றிருப்பதாக ஐயமிருந்தாலும், உடலில் உலோகத் தகடோ இதயத் துடிப்புக் கருவியோ பொருத்தியிருந்தாலும், அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். மணமான மகளிடம் மாமியார் முன்னிலையில் அவர் அதைக் கேட்டால் கூச்சப்படவேண்டாம். கேட்பது அவர் கடமை.

இரண்டாவது, எம்.ஆர்.ஐ. அறை வாசலில் அவர் சொல்வதற்குக் கீழ்ப்படியுங்கள். அக்கருவியின் காந்தம் உறங்குவதே இல்லை; படம் எடுக்காத வேளையிலும் விழித்திருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினருக்குத் துணையாய்ச் சென்ற ஓர் இளைஞர் பிராணவாயு உருளையுடன் அவ்வறைக்குள் செல்ல நேர்ந்து, கருவியால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். "தாலியை எப்படிக் கழற்றுவது?", "சில்லறைதானே பையில் இருக்கிறது?" என்று வாதாடும்முன் இதை நினைவுகூருங்கள்.

மூன்றாவது, வேண்டாத படத்தைக் கேட்டு வாங்காதீர்கள். ஒரு மார்புப் படத்தால் பெறும் கதிரளவு மிகச் சிறிது. இயற்கையிலிருந்து நாம் அனைவரும் சில நாட்களில் பெறும் அளவே. ஆனால் சி.டி. ஸ்கேன் ஒன்றில் அதைப்போல் நூறு மடங்கும் அதற்கு மேலும் உண்டு. மருத்துவர் தேவையென்று சொன்னால் அஞ்சாமல் எடுங்கள். அவர் தேவையில்லை என்னும்போது "எதற்கும் ஒன்று எடுத்துவிடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். பழைய படங்களைப் பத்திரமாய் வைத்திருந்து கையோடு கொண்டு செல்லுங்கள்.

நான்காவது, கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று ஸ்கேன் அறையில் எவரையும் கேட்காதீர்கள். 1994 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிடினும், உயிரை மதிக்கும் குடும்பத்தின் வாயில் வரத்தக்க கேள்வி அதுவன்று.

ஐந்தாவது, அவர் மார்பில் குத்தியிருக்கும் சிறு அட்டையைப் பாருங்கள். அது பெயர் அட்டையன்று. அவர் உடலில் எவ்வளவு கதிர் படுகிறது என்பதை அளக்கும் அட்டை. குறித்த காலத்திற்கொருமுறை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி அதைக் கணக்கிடுகிறார்கள். நம் பிணிக்காகத் தம் உடலில் ஏறுவதைக் கணக்கு வைத்துக்கொண்டு உழைக்கும் மனிதரிடம், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று உரக்கக் கேட்குமுன் அவ்வட்டையை ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, பெயரைக் கேளுங்கள். படுக்கையிலிருந்து இறங்கும்போது, "உங்கள் பெயர் என்ன, தம்பி? நன்றாக இருப்பீர்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் கொடுக்கத் தவறியது அந்த அரை நிமிடத்தைத்தான்.

ராண்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்ட நவம்பர் 8 ஆம் நாளையே உலகெங்கும் இப்பணியாளர்களின் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இறந்தோரை நாம் நினைந்து மன்றாடும் திங்களும் நவம்பரே. கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, கைகளை இழந்தும் பிறர் எலும்பைக் காத்த அந்த முன்னோருக்கும் ஒரு திரி ஏற்றுவோம். உயிரோடு நம் ஊர் மருத்துவமனையில் ஈயத் திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு, அந்நாளில் ஒரு வாழ்த்துச் சொல்வோம்.

எங்கள் அம்மா இப்போதும் மாலை செபத்தின் முடிவில் மருத்துவரைப் பெயர் சொல்லி நினைக்கிறார். அதன்பின் சற்று நிறுத்தி, "பேர் தெரியாத அந்தத் தம்பிக்காகவும்" என்கிறார். ஒவ்வொரு மாலையும் அந்தச் சொல் என்னைச் சுடுகிறது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கட்டும்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.